பேசாத ஜன்னல்

ஜூன் 9, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன்.

பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடி. படியேறும்போது தேங்காய் பன் வாசனை முதல் திருப்பம் வரைக்கும் கூடவே வந்தது. சின்னக் கம்பெனிதான். நூற்பாலை இயந்திரங்களை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். டீம் லீடர் செங்கோட்டுவேல், குரலில் பதற்றமே இல்லாதவர். என் கையைப் பிடித்து இழுக்காமல், "வலது பக்கம் மூணாவது மேசைங்க, சேர் உள்ள தள்ளியிருக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்கே அவருக்கு நூற்றுக்கு நூறு போட்டேன்.

பிறந்ததிலிருந்தே எனக்குக் கண் தெரியாது. திரையில் இருக்கும் எழுத்தை ஒரு மென்பொருள் என் காதில் வாசிக்கும். நான் கேட்டுக்கேட்டு வேலை செய்வேன். அது பேசும் வேகத்துக்குப் பழகாதவர்கள் ஏதோ ரிப்பேர் என்று நினைப்பார்கள்.

முதல் வேலை வி.எம். அமைப்பது. விர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் குடியிருக்கும் இன்னொரு கணினி. இவர்களுடைய மென்பொருள் பழைய லினக்ஸ் இயங்குதளத்தில்தான் உருவாகும். அதனால் ஒவ்வொருவரும் தங்கள் புதுக் கணினிக்குள் ஒரு பழைய கணினியை எழுப்பி, கம்பைலர் முதலிய கருவிகளை அதற்குள் நிறுவிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் கோடு என்கிற நிரலை எழுதி, அதை இயந்திரத்தில் ஏற்றும் மென்பொருளாக பில்ட் செய்ய முடியும்.

"எல்லாருக்குமே ஒரு வாரம் ஆகுமுங்க. நீங்க இன்னும் மெதுவாவே பண்ணுங்க" என்றார் செங்கோட்டுவேல்.

மதிப்பெண்ணில் பாதியைக் கழித்துவிட்டேன்.

மூன்று மாதம் தகுதிகாண் காலம். அது ஒரு சம்பிரதாயம்தான். சென்னையில் முந்தைய கம்பெனியில் இருந்த இரண்டு வருடத்தைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

வி.எம். அமைக்கும் வழிமுறைக் கோப்பைத் திறந்தேன். என் மென்பொருள் வாசித்தது: "தலைப்பு. படம். படம். படம். படம்." கடைசிப் பக்கத்தில் "முடிந்தது" என்று ஒரு வார்த்தை. நடுவில் இருப்பதெல்லாம் ஸ்கிரீன்ஷாட்.

சரி, லினக்ஸ் நிறுவத் தெரியாதவளா நான் என்று தொடங்கினேன். வி.எம். ஜன்னல் திறந்தது. என் காதில் ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் கணினி தன் திரையை ஒரு படமாகத்தான் வெளியே காட்டுகிறது. படத்தை என் மென்பொருளால் வாசிக்க முடியாது. எழுத்துகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, கண்ணாடிக்குப் பின்னால் வாயசைக்கும் ஆளைப் போல.

நிறுவும்போதே பேசுகிற வசதி புதிய லினக்ஸில் உண்டு. இவர்களுக்கு வேண்டிய பழைய பதிப்பில் அதைக் கிளப்பப் பார்த்தேன், இரண்டு சொல் பேசிவிட்டு நின்றுவிட்டது. உத்தேசமாக என்டர் தட்டிப் பார்த்தேன். எங்கே போனேன் என்று தெரியவில்லை.

பக்கத்து மேசை லோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். இங்கே மூன்று வருடமாக இருக்கிறாள். பேசுவதற்கு முன்னால் வளையலைப் பின்னுக்குத் தள்ளும் பழக்கம், அந்தச் சத்தம் கேட்டால் பேச்சு வரும் என்று தெரிந்துகொள்ளலாம். தனக்கு இதை அமைக்க எட்டு நாள் ஆனதாகவும், பாத்ரூமில் போய் அழுததாகவும் சொல்லிச் சிரித்தாள். செய்து தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நன்றி என்றேன்.

ஜூன் 11, புதன்

மழை. ஹாஸ்டல் இட்லி கல். வி.எம். பேசவில்லை.

ஜூன் 13, வெள்ளி

சம்பளக் கணக்கு திறக்க மதியம் பேங்க் போயிருந்தேன். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டுதான் வேண்டும் என்று அங்கே ஒருவர் சொல்ல, அவரோடு பேசிப் புரியவைக்க நேரமாகிவிட்டது. கையெழுத்தே போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் என் மேசையைச் சுற்றி ஆட்கள். லோகேஸ்வரி என் நாற்காலியிலிருந்து எழுந்து, "முடிஞ்சுதுங்க ஜெனோவா. எல்லாம் போட்டுட்டேன். இனி நீங்க கோடு எழுத வேண்டியதுதான்" என்றாள். சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து முடித்திருக்கிறாள். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். செங்கோட்டுவேல் வந்து நல்லதாகப் போயிற்று, திங்கள் முதல் வேலையைத் தொடங்கலாம் என்றார். நான் நன்றி சொன்னேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அந்த வி.எம்-மை அழித்தேன். கோப்புகளோடு சேர்த்து அழிக்கட்டுமா என்று கணினி கேட்டது. ஆமாம் என்றேன்.

கோபம் எல்லாம் இல்லை. நிதானமாகத்தான் செய்தேன்.

ஜூன் 14, சனி

துணி துவைத்தேன். அம்மா திண்டுக்கல்லிலிருந்து பேசினாள். ஆபீஸில் எல்லோரும் நல்லவர்களா என்று கேட்டாள். ரொம்ப நல்லவர்கள் என்றேன்.

ஜூன் 16, திங்கள்

ஏதோ ஒரு அமைப்பைச் சரிபார்க்க வந்த லோகேஸ்வரிக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது. தவறுதலாக அழிந்ததா என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். நான்தான் அழித்தேன் என்றேன்.

வளையல் சத்தம் வரவில்லை. "சாப்பிடாம உக்காந்து பண்ணுனதுங்க அது" என்றாள். அவ்வளவுதான். தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

செங்கோட்டுவேல் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"ஏனுங்க அழிச்சீங்க?"

நாளைக்கு அது கெட்டுப்போனால் நான் மறுபடியும் யாருடைய கைக்காகவாவது காத்திருக்க வேண்டும் என்றேன். எப்படி அமைந்தது என்றே தெரியாத இடத்தில் உட்கார்ந்து என்னால் வேலை செய்ய முடியாது என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சென்னைக் கதையும் வந்துவிட்டது. அங்கே எல்லோரும் அன்பானவர்கள். முதல் நாள் ஒருவர் என் மெயிலை அமைத்துத் தந்தார், இன்னொருவர் என் நிரலைத் தட்டித் தந்தார், வேறொருவர் என் ரிப்போர்ட்டை எழுதித் தந்தார். கடைசியில் எனக்குச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் மட்டும் வந்தது. மகளிர் தின விழாவில் மேடையில் உட்காரவைத்துச் சால்வை போட்டார்கள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நான் வேலைக்குத்தான் எடுத்திருக்கேன், அடத்துக்கு இல்லீங்க. அடுத்த வாரக் கடைசிக்குள்ள உங்க மெஷின்ல ஒரு பில்ட் வரோணும். எப்படிப் பண்ணுவீங்களோ தெரியாது" என்றார்.

"வரும் சார்" என்றேன்.

வெளியே வந்தபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவர் அறையில் ஏ.சி. சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது.

லினக்ஸ் நிறுவும்போது அது வரிசையாகக் கேள்வி கேட்கும். எந்த மொழி, எந்த நேரம், ஹார்ட் டிஸ்க் வட்டை எப்படிப் பிரிக்க வேண்டும், என்னென்ன கருவிகள் வேண்டும் என்று. ஒவ்வொன்றுக்கும் திரையைப் பார்த்து விடை சொல்லலாம். இல்லையென்றால் எல்லா விடைகளையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி அதன் கையில் கொடுத்துவிடலாம். அது எதையும் கேட்காமல் தானே எல்லாவற்றையும் செய்துகொண்டு எழுந்திருக்கும். அதன் பிறகு வெளியிலிருந்து டெர்மினல் என்கிற எழுத்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டால் வருவதெல்லாம் வெறும் எழுத்து. என் காதுக்கு எழுத்து போதும்.

கோப்பை எழுத உட்கார்ந்தால், எதிலும் உத்தேசம் செல்லாது என்று புரிந்தது. கம்பைலர் எந்தப் பதிப்பு? மென்பொருள் நூலகங்கள் எந்தப் பதிப்பு? செங்கோட்டுவேலிடம் கேட்டேன். லேட்டஸ்ட் போடுங்க போதும் என்றார். உங்கள் லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மில்களுக்குப் போகிற மென்பொருள் எல்லாம் அவருடைய லேப்டாப்பில்தான் உருவாகிறது. அதனால் அதில் இருப்பதுதான் எனக்கு வேண்டும். முதல் கேள்விக்குப் பொறுமையாகச் சொன்னார். போகப்போகப் பெருமூச்சு விட்டார். கடைசியில் தன் வி.எம்-மைத் திறந்து, ஒன்றொன்றாகப் பார்த்துப் படித்தார். கம்பைலரில் அவரே செய்த மூன்று சின்னத் திருத்தங்கள் அங்கே கிடந்தன. படங்கள் நிறைந்த அந்த வழிமுறைக் கோப்பில் அவை இல்லை. எப்போது செய்தேன் என்று அவருக்கே நினைவில்லை.

மூன்றையும் வாங்கி எழுதிக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

கோப்பைக் கொடுத்து ஓட்டினேன். கணினியின் விசிறி இரைந்தது. உள்ளே என்னவோ நடக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு விசிறி அடங்கியது. டெர்மினலில் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. எங்கோ ஒரு கேள்வியில் நிற்கிறது. எந்தக் கேள்வி என்று தெரியாது.

கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்தினேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் விசிறி அடங்குகிறது.

லோகேஸ்வரி இப்போதெல்லாம் தண்ணீர் பாட்டிலை நிரப்ப என் மேசைப் பக்கமாக வருவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறாள். இதை நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று இல்லை.

ஜூன் 20, வெள்ளி

எழுத்தைப் படம்பிடித்து வாசிக்கும் ஆப் ஒன்று போனில் இருக்கிறது. திரைக்கு முன்னால் நீட்டினேன். "ஏழு, நட்சத்திரம், கோடு, கோடு" என்றது. கோணத்தை மாற்றினேன். "வாழைப்பழம்" என்றது.

சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா போனில், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். ஜலதோஷம் என்றேன்.

எத்தனை விதமாக யோசித்தாலும் அந்த ஜன்னலை ஒரு தடவை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை. செங்கோட்டுவேலிடம் கேட்கலாம். ஆனால் அவரிடம் வரும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

காலையில் லோகேஸ்வரியின் மேசைக்குப் போனேன். இரண்டே எட்டுதான். ஒரு உதவி வேண்டும் என்றேன்.

நான் தொடர்ந்தேன். "என் ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லணும். படிச்சா போதும், கீபோர்டைத் தொட வேணாம்."

வளையல் பின்னுக்குப் போனது. "அதுக்கு முன்னால நீங்க வேற ஒண்ணு சொல்லோணும்ல?"

அவள் கேட்டது நியாயம். எப்படிச் சொல்வது என்பதை நான் ஞாயிறு முழுக்க யோசித்திருந்தும், வாயில் வந்தது வேறு. "நீங்க பண்ணினது தப்பில்ல. நான் அழிச்சதும் எனக்குத் தப்பாத் தெரியல. ஆனா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அழிச்சிருக்கணும். சாப்பிடாம பண்ணினதுன்னு தெரிஞ்சும் சொல்லாம விட்டேன். மன்னிச்சிருங்க."

"இப்படியும் மன்னிப்புக் கேப்பாங்களா" என்றாள். ஆனால் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

விசிறி அடங்கியதும் அவள் திரையைப் பார்த்தாள். நீலக் கலரில் ஒரு பெட்டி, நடுவில் ஏதோ கேட்கிறது என்றாள். ஏதோ வேண்டாம், எழுத்தை அப்படியே படியுங்கள் என்றேன். படித்தாள். வட்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், எழுதலாமா என்று கேட்கிறது. கீழே ஆமாம், இல்லை என்று இருக்கிறது. 'இல்லை' மேல் வெளிச்சம் நிற்கிறது.

வட்டைப் பிரிக்கச் சொல்லியிருந்தேன். பிரித்ததை எழுதிக்கொள்ளச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். அவள் விரல் விசையை நோக்கிப் போனதை மேசையின் அசைவில் உணர்ந்தேன். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கோப்பில் அந்த வரியைச் சேர்த்து முதலிலிருந்து ஓட்டினேன்.

அடுத்ததாக வேறொரு கேள்வியில் நின்றது. படித்தாள், எழுதினேன். அதற்கடுத்து இன்னொன்று. அவள் படிக்கும் முறையே மாறிவிட்டது. வண்ணத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும், எங்கே வெளிச்சம் நிற்கிறது என்பதோடு சேர்த்துச் சொன்னாள். சாப்பாட்டு நேரம் வந்தபோது, தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். அரிசிம்பருப்புச் சாதம். இரண்டு பேரும் அங்கேயே சாப்பிட்டோம்.

சாயங்காலம் விசிறி இரைந்து அடங்கியது. இந்த முறை லோகேஸ்வரி படித்துச் சொல்லத் திரையில் கேள்வி எதுவும் இல்லை. நான் டெர்மினலில் கதவைத் தட்டினேன்.

என் காதில் அது பேசியது. "ஜெனோவா அட் மில்பில்ட்." என் பெயரும், நான் அந்தக் கணினிக்கு வைத்த பெயரும்.

இன்னொரு தடவை தட்டி இன்னொரு தடவை கேட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

பில்ட் வந்தது. ஒரு பிழையும் இல்லாமல்.

உடனே அந்த வி.எம்-மை அழித்தேன். லோகேஸ்வரியிடம் சொல்லிவிட்டுத்தான். கோப்பை ஓட்டிவிட்டுக் கீழே போய் இரண்டு பேரும் டீ குடித்து வந்தோம். திரும்பியபோது எல்லாம் பழையபடி எழுந்து நின்றது. மதியம் மறுபடி அழித்து மறுபடி எழுப்பினேன். தேவை ஒன்றும் இல்லை. வேண்டுமென்றேதான் செய்தேன்.

"எட்டு நாளு அழுதேனே" என்றாள் லோகேஸ்வரி.

செங்கோட்டுவேலிடம் பில்ட் வந்துவிட்டது என்று சொன்னேன். சந்தோஷமுங்க என்று சொல்லிவிட்டுப் போனில் பேசப் போய்விட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். பரவாயில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பல்லடம் தாண்டி ஒரு மில். அங்கே போன வாரம் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களுக்கெல்லாம் கன்ட்ரோலர் போர்டு மாற்றினார்கள். மாற்றியதிலிருந்து ஒவ்வொன்றும் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. கோளாறு எங்கள் மென்பொருளில். செங்கோட்டுவேல் திருத்தத்தை எழுதி முடித்து, இன்று பில்ட் செய்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். காலையில் அவர் லேப்டாப் எழவில்லை. வட்டு போய்விட்டது. திருத்தம் எழுதிய கோடு சர்வரில் பத்திரமாக இருக்கிறது. அதை பில்ட் செய்கிற வி.எம். லேப்டாப்போடு போய்விட்டது.

வேறு யாருடைய வி.எம்-மிலாவது செய்யலாம் என்றார்கள். முதலில் சோதனைக்காக, மில்லில் ஏற்கெனவே ஓடிய பழைய பதிப்பை பில்ட் செய்து, அப்போது அனுப்பியதோடு ஒப்பிட்டார்கள். லோகேஸ்வரியின் வி.எம்-மில் வந்தது வேறாக இருந்தது. மற்றவர்களுடையதும் வேறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒவ்வொருவரும் அந்த வழிமுறைப் படங்களைப் பார்த்து, அன்றைக்கு எது புதிதோ அதைப் போட்டுக்கொண்டவர்கள். இதை நம்பி ஓடுகிற இயந்திரத்தில் ஏற்ற முடியாது.

மில்காரர் போனில் கத்துவது எனக்குக் கேட்டது. செங்கோட்டுவேலின் குரலில் முதல் தடவையாக அவசரம் இருந்தது.

நான் எழுந்து நின்றேன். "சார், உங்க மெஷின்ல இருந்தது எல்லாம் என் கோப்புல இருக்கு. கம்பைலர்ல நீங்க பண்ணின அந்த மூணு திருத்தமும்."

அவர் என் மேசைக்கு வந்தார். ஏற்கெனவே இருக்கிற வி.எம்-மை நான் எடுக்கவில்லை. அவர் பார்க்கும்படி, ஒன்றுமில்லாததிலிருந்து புதிதாக எழுப்பினேன். அது எழுந்துகொண்டிருக்கும்போது அவர் தன்னையறியாமல் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பழைய பதிப்பை பில்ட் செய்து ஒப்பிட்டேன். ஒப்பிடும் கட்டளை, வித்தியாசம் இருந்தால்தான் பேசும். என் காதில் எதுவும் வரவில்லை.

"ஒண்ணாதான் இருக்கு சார்."

அவர் குனிந்து தானும் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க பதிப்பு பதிப்புன்னு கேட்டப்ப எனக்கு எரிச்சலா இருந்துச்சுங்க" என்றார்.

"தெரியும் சார்" என்றேன்.

திருத்திய பதிப்பை பில்ட் செய்து முடித்ததும், நாளைக்குக் காலையில் மில்லுக்குக் கிளம்ப வேண்டும், நீங்களும் வர வேண்டும் என்றார். மெதுவாக என்ற சொல் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

காரில் செங்கோட்டுவேல், லோகேஸ்வரி, நான். மில் வாசலிலேயே பஞ்சுத் தூசி மூக்கில் ஏறியது. இத்தனை நாள் நிரலாக மட்டும் தெரிந்த இயந்திரத்தின் பக்கத்தில் முதன்முதலாக நின்றேன். ஃபிட்டர் ராக்கியப்பன் என்பவர் அதன் நீளத்தை நடந்து காட்டினார். நடந்துகொண்டே இருந்தோம். இவ்வளவு பெரியது என்று நினைக்கவே இல்லை.

கன்ட்ரோலரில் கேபிளைச் செருகி, லேப்டாப்பை ஒரு டிரம்மின் மேல் வைத்தார்கள். செங்கோட்டுவேல், நீங்களே ஏத்துங்க என்றார். இயர்போனை மாட்டினேன். மற்ற கூடத்து இயந்திரங்களின் இரைச்சலில் என் மென்பொருள் பேசுவது ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன், கேட்கவில்லை. லோகேஸ்வரி எனக்குப் பின்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதுகளை இயர்போனோடு சேர்த்து அழுத்தி மூடினாள். வளையல் கன்னத்தில் குத்தியது. இரைச்சல் தூரப் போய், குரல் கிட்டே வந்தது. கட்டளைகளைக் கொடுத்தேன். ஏறியது.

இயந்திரத்தைப் போட்டார்கள். காலுக்கடியில் தரை அதிர்ந்தது. தாழ்ந்த முனகலாகத் தொடங்கிய சத்தம் உயர்ந்து உயர்ந்து ஒரே சுருதியில் நின்றது. இதுவரை கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்றார்களே, அந்தக் கொஞ்ச நேரம் வந்தது. நான் இயந்திரத்தின் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டேன். அந்த நேரம் கடந்து போனது. சத்தம் மாறவில்லை. பின்னும் நின்றிருந்தோம். யாரோ ஒரு பெண் அறுந்த நூலை முடிய எங்களைத் தாண்டிப் போனாள். அவளுக்கு வேலை தொடங்கிவிட்டது.

சூப்பர்வைசர் வந்து செங்கோட்டுவேலிடம் நன்றி சொன்னார். இவங்க பண்ணுனதுங்க என்று அவர் என்னைச் சொன்னார். சூப்பர்வைசர் கொஞ்சம் தயங்கி, கண்ணு தெரியாத பொண்ணுங்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இந்தக் கேள்விக்குப் பின்னால் வழக்கமாக வருவது எனக்குத் தெரியும். பாராட்டு வரும். யாராவது தலையில் கை வைப்பார்கள். நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

ராக்கியப்பன் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கேபிளை அவரே கழற்றிச் சுருட்டினார்.

"இதே மாதிரி இன்னும் பதினாலு மிஷின் நிக்குதுங்க மேடம். எல்லாத்துக்கும் நீங்கதான் ஏத்தோணும். டீ குடிச்சுட்டு ஆரம்பிக்கறீங்களா?"

பதினாலு இயந்திரங்கள். அத்தனையும் என் வேலை.

"டீ அப்புறம் குடிச்சுக்கலாம்" என்றேன். "அடுத்த மெஷின் எங்கன்னு காட்டுங்க."